கடல் நோக்கிய இல்லம்

புதுவை நகரின் வடபால் கடலை ஒட்டி அமைந்த மீனவர் வாழ்பதி வைத்திக்குப்பம் ஆகும். மாசித் திங்கள் மக நாளில் மயிலம் முருகப் பெருமானும், தீவனூர்ப் பிள்ளையாரும், சுற்றுப்புறத்து ஊர்களின் தெய்வங்களும் இக்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பர். அன்று திரளும் மக்களைக் காண்போர், கடலுக்கு எதிரே மற்றொரு கடல் நிற்பதாகவே கருதுவர். ஏனைய நாள்களில் அங்குக் காணப்படுவன படகுகளும், வலைகளும், மீன் கூடையைத் தலையில் தாங்கிச் சந்தை நோக்கி விரையும் பெண்களுமே. பிரெஞ்சுக்காரர் புதுவையை ஆண்ட காலத்திலும், 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர்தம் ஆட்சி நீங்கிய பின்னரும், கூடை சுமந்த பெண்களின் நடையில் வேறுபாடு ஒன்றும் இல்லை.

கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு இழப்பு என்பது புதிதன்று. புயலிற் சென்ற படகு மீளாத நாள்கள் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை புதுவைக் கரையையும் காரைக்காற் கரையையும் தாக்கிய கொடுமை இன்னும் மறக்கப்படவில்லை. இத்தகைய ஊர்களில் கணவனை இழந்த பெண் அழுவாள். ஆற்றுவார் இன்றியும் அழுவாள். பின்னர் ஒரு நாள் கூடையை எடுத்துக்கொண்டு புறப்படுவாள். புறப்படாவிடின் அடுப்பு எரியாது. அவளுடைய துயரம் சிறிதென்று எவரும் கூறார். ஆயினும் அவளுக்குக் கையில் ஒரு தொழில் உண்டு. நடப்பதற்கு ஒரு தெரு உண்டு. அவள் குரலைக் கேட்கச் சந்தையில் நாலு பேர் உண்டு.

அதே காலத்தில், அதே தமிழ்நாட்டில், இவை மூன்றும் மறுக்கப்பட்ட பெண்களும் இருந்தனர். அவர்கள் வறியோர் வீட்டுப் பெண்கள் அல்லர்; வேதம் ஓதும் அக்கிரகாரத்துப் பெண்கள். அங்கே பெண்ணுக்குப் பருவம் எய்தும் முன்னரே மணம் முடிக்கும் வழக்கம் இருந்தது. மணம் என்பதன் பொருளை அறியாத குழந்தை, தாலியின் கனத்தை மட்டும் அறிந்திருந்தது. மணமகன் காய்ச்சலிலோ பேதியிலோ இறந்துபடின், அவன் முகத்தையே சரியாக அறியாத அச்சிறுமி கைம்பெண் ஆனாள். வளையல் களையப்பட்டது, பூவும் பொட்டும் விலக்கப்பட்டன, வயது வந்ததும் தலைமுடியும் மழிக்கப்பட்டது. ஒரு வேளை உணவு, வெறுந்தரையிற் படுக்கை, அடுக்களை மூலை ஆகியவை அவளுடைய உடைமைகள் ஆயின. நல்ல செயலுக்குப் புறப்படுவோர் அவள் எதிர்வந்தால் திரும்பி விடுவர். மறுமணத்தைச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே ஒப்புக்கொண்டது, அக்கிரகாரம் ஒப்புக்கொள்ளவில்லை. சட்டத்தைவிட அண்டை வீட்டார் நாவுக்கே அங்கு ஆற்றல் மிகுதி.

இச்சிறையில் அடைபட வேண்டியவராய் இருந்து, அடைபடாது வெளியேறித் தம்மைப் போன்ற சிறுமியர் பலருக்கும் கதவைத் திறந்துவிட்டவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர். தாயார் விசாலாட்சி அம்மாள். இவர்தம் முன்னோர் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரினர். தந்தையார் அரசாங்கப் பொதுப்பணித் துறையில் பொறியாளராய் இருந்தவர். சுப்புலட்சுமியே அவருக்குத் தலைமகள். ஒன்பதாம் வயதில் செங்கற்பட்டில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முதலிடம் பெற்றார். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று வினவிய காலத்தில் இஃது ஊரார் வாயை அடைக்கத்தக்க செய்தியே. ஆயினும் ஊரார் வாய் அடைபடவில்லை. பெண் வளர்கிறாள், மணம் முடிக்கவில்லையா என்று கேட்டனர். வழக்கத்திற்குப் பணிந்து பெற்றோர் பதினொரு வயதளவில் அவருக்கு மணம் செய்வித்தனர். மணம் நிகழ்ந்த சிறிது காலத்திற்குள் மணமகன் இறந்துபட்டார்.

இந்த இடத்தில்தான் அவ்வீட்டின் பெருமை விளங்குகிறது. சுப்பிரமணிய ஐயர் சீர்திருத்த மேடையில் முழங்கியவர் அல்லர். குலவழக்கத்தில் நின்ற எளிய குடும்பத்தலைவரே. எனினும், தம் மகளின் தலையை மழித்து மூலையில் அமர்த்த அவர் உடன்படவில்லை. மறுமணம் என்பது அவர்களுடைய எண்ணத்திற்கு எட்டாத தொலைவில் இருந்தது. கல்வி எட்டும் தொலைவில் இருந்தது. எட்டியதை அவர் பற்றிக்கொண்டார். தாமே மகளுக்கு வீட்டில் ஆங்கிலம் கற்பித்தார். அவ்வீட்டில் இன்னொரு கைம்பெண்ணும் இருந்தார். அவர் விசாலாட்சி அம்மாளின் தங்கை வாலாம்பாள், சுப்புலட்சுமிக்குச் சித்தி. தமக்கு மறுக்கப்பட்ட வாழ்வு இக்குழந்தைக்கேனும் கிடைக்க வேண்டும் என்று உறுதி கொண்டவர் அவர். பின்னாளில் அமைந்த இல்லத்திற்கு அடித்தளம் எது என்று கேட்பின், அது சென்னையில் இடப்பட்டதன்று. இச்சித்தியின் நெஞ்சில் இடப்பட்டது என்றே கூற வேண்டும்.

மகளின் படிப்பின் பொருட்டுக் குடும்பம் சென்னையில் தங்கியது. உறவினர் பலர் வரவை நிறுத்தினர்; சிலர் நேரே ஏசினர். கைம்பெண் தெருவில் இறங்குவதே குற்றம். அவள் நூல்களைச் சுமந்து பள்ளி செல்வது அதனினும் பெருங்குற்றம் என்பது அவர்கள் கருத்து. சுப்புலட்சுமி கிறித்தவக் கன்னியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்டிற் சேர்ந்தார். அயர்லாந்து நாட்டில் தோன்றிய அக்கன்னியர் சபை 1842ஆம் ஆண்டிலேயே சென்னைக்கு வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டி வந்தது. தம் வீட்டையும் நாட்டையும் துறந்து, பிறர் மக்களைத் தம் மக்களாகக் கொண்டு உழைத்த அப்பெண்களைக் கண்டது அம்மையாரின் உள்ளத்தைத் தொட்டது. மணவாழ்வு இல்லாத பெண், பிறர்க்குச் சுமையாய் இருக்க வேண்டும் என்பது ஊர் கற்பித்த பாடம். மணவாழ்வு இல்லாமையையே ஓர் ஆற்றலாகக் கொண்டு, ஊர்க்கு உழைக்கும் பெண்களை அங்கே அவர் கண்டார். அவர் தம் சமயத்தை விடவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது தொண்டு ஒன்றையே. பின்னர் மக்கள் அவரையும் சகோதரி என்றே அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது.

அதன்பின் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1911ஆம் ஆண்டு முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திற் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி இவரே என்பர். அவருக்கு அப்பொழுது வயது 24.

பட்டம் பெற்றவருக்கு வாழ வழியா இல்லை? ஆசிரியப் பணி காத்திருந்தது. குடும்பம் துணை நின்றது. தாம் பிழைத்தது போதும் என்று அமைந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இலர். ஆயினும் தம் கதவு திறந்தது தற்செயலே என்பதை அவர் அறிந்திருந்தார். அறிவுடைய தந்தையும், அன்புடைய சித்தியும் வாய்த்தமையால் அது திறந்தது. அவர்கள் வாய்க்காத சிறுமியர் எத்தனை பேர்! எட்டு வயதிலும் பத்து வயதிலும் கைம்மை எய்தி, ஊர் ஊராக அடுக்களைகளில் அடைந்து கிடப்போரை எண்ணி அவர் அமைதி கொள்ளவில்லை.

இவ்வகைப் பணி பிற மாகாணங்களில் முன்னரே தொடங்கியிருந்தது. இராசமகேந்திரபுரத்தில் வீரேசலிங்கம் பந்துலு 1881ஆம் ஆண்டில் கைம்பெண் மறுமணம் ஒன்றை நடத்திக் காட்டினார். பண்டித ரமாபாய் 1889ஆம் ஆண்டு பம்பாயிற் சாரதா சதனத்தை நிறுவினார். அவரும் கணவரை இழந்தவரே. பூனாவில் கார்வே 1896ஆம் ஆண்டு கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் அமைத்தார். தமிழ்நாட்டில் அத்தகைய இல்லத்தைத் தோற்றுவிக்கும் பொறுப்பு, கைம்மைத் துயரைத் தம் உடலிலேயே அறிந்த இளம்பெண் ஒருவர் மேல் வந்து சேர்ந்தது.

1912ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் தம் குடும்பம் வாழ்ந்த வீட்டிலேயே அவர் இப்பணியைத் தொடங்கினார். முதலில் வந்து சேர்ந்தோர் நால்வர்; நால்வரும் இளங்கைம்பெண்கள். சித்தி வாலாம்பாள் அவர்களுக்குத் தாயானார். சமையலும் கவனிப்பும் சித்தியின் பொறுப்பு. படிப்பு சுப்புலட்சுமியின் பொறுப்பு. அதே ஆண்டிற் சாரதா மகளிர் சங்கமும் தோன்றியது. வீட்டை விட்டு வெளியே வந்து அறியாத பெண்கள் ஒன்றுகூடிச் சொற்பொழிவு கேட்கவும், உலகியல் பேசவும் அச்சங்கம் இடந்தந்தது.

நல்லெண்ணம் மட்டும் இல்லத்தை நடத்தாது. அரிசிக்கும் வாடகைக்கும் பணம் வேண்டும். இங்கே அம்மையாரின் கூரிய அறிவு வெளிப்பட்டது. அக்காலத்தில் அரசாங்கம் பெண்பள்ளிகளைப் பெருக்க விரும்பியது. பள்ளிகளைக் கட்டலாம்; ஆனால் கற்பிக்கப் பெண் ஆசிரியர் இலர். ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்மக்களை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். மணமான பெண்களோ குடும்பத்தை விட்டு வெளியூர் சென்று பணியாற்ற இயலாதவர்கள். ஒருபுறம் ஆசிரியர் இல்லாத பள்ளிகள். மறுபுறம் பணியில்லாது பாழாகும் இளம்பெண்கள். இவ்விரு குறைகளையும் ஒன்றோடொன்று பொருத்தினால் இரண்டும் தீரும் என்பதை அவர் கண்டார். கைம்பெண்ணுக்குக் கல்வி தருவது இரக்கச் செயல் மட்டுமன்று. நாட்டுக்கு இன்றியமையாத ஆசிரியரை ஆக்கும் செயல் என்று அரசாங்கத்திற்கு எடுத்துரைத்தார். பெண்பள்ளிகளின் ஆய்வாளராய் இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஆங்கில அரசாங்க அலுவலர் இக்கருத்தின் பயனை உணர்ந்து துணை நின்றார். அரசாங்க உதவி கிடைத்தது.

இரக்கத்தை நாடி நிற்போர்க்கு உலகம் ஒரு நாள் கொடுக்கும், மறுநாள் மறந்துவிடும். ஆசிரியர் தேவை என்பதோ ஆண்டுதோறும் வளரும் தேவை. அதனோடு தம் சிறுமியரின் வாழ்வைப் பிணைத்துவிட்ட அம்மையாரின் சூழ்ச்சித்திறன், பெரிய அமைச்சர்களிடத்தும் காண்டற்கு அரிது.

வந்த சிறுமியரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிலர்க்கு எழுத்தே தெரியாது. தலைநிமிர்ந்து ஒருவர் முகத்தை நோக்கவும் அஞ்சுவர். தம்மைத் தீக்குறி என்றே பலர் சொல்லக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, அது பொய் என்று ஒரு நாளில் உணர்த்த இயலாது. அரிச்சுவடியினும் அரிய பாடம் அது. அதனை அம்மையார் சொல்லால் கற்பிக்கவில்லை. தம் இருப்பாலேயே கற்பித்தார். அவரும் வெள்ளாடை உடுத்த கைம்பெண். அவரே பட்டதாரி, அவரே தலைவி. இவர் போல நாமும் ஆகலாம் என்னும் எண்ணம் ஒரு சிறுமியின் உள்ளத்தில் எழுந்துவிட்டால், ஆசிரியரின் வேலையிற் பாதி முடிந்தது எனலாம்.

தொகை பெருகவே எழும்பூர் வீடு போதாதாயிற்று. இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறியது. பின்னர் அங்கும் இடம் போதவில்லை. 1917ஆம் ஆண்டளவில் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் பெருங்கட்டடம் இவ்வில்லத்திற்குக் கிடைத்தது.

இக்கட்டடத்தின் கதை கேட்கத்தக்கது. அமெரிக்க நாட்டு வணிகர் பிரடரிக் டியூடர் என்பார், அந்நாட்டுக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளிற் பொதிந்து, கப்பல்களில் ஏற்றித் தொலைநாடுகளில் விற்று வந்தார். சென்னையில் அதனைச் சேமித்து வைப்பதற்கென 1842ஆம் ஆண்டு எழுந்தது இக்கட்டடம். பாதி உலகைச் சுற்றிவந்தும் உருகாது எஞ்சிய பனிக்கட்டி, வெள்ளைக்காரரின் மேசைக்கும் மருந்துக்கும் பயன்பட்டது. பனிக்கட்டியை எந்திரத்தாற் செய்யும் முறை வந்ததும் அவ்வணிகம் மடிந்தது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கி மாளிகையாக்கினார். மேலைநாடுகளில் வெற்றி கண்டு திரும்பிய விவேகானந்த அடிகள், 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒன்பது நாள் அங்குத் தங்கினார். குளிரைக் காக்க எழுந்த வீடு, துறவியின் அடி பட்ட வீடாகி, முடிவில் துயருற்ற சிறுமியரின் வீடாயிற்று.

அதற்கும் மறுப்பு எழாமல் இல்லை. கைம்பெண்களைக் கடற்கரையிற் குடிவைப்பதா, போவோர் வருவோர் கண்ணில் படும்படி அவர்கள் திரிவதா என்று வைதிகர் சினந்தனர். மூலையில் அடைத்து வைத்திருந்தவர்களைக் காற்றுக்கும் கதிரவனுக்கும் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. சாளரத்தைத் திறந்தால் எல்லை காணாத கடல். மாலையில் இறங்கினால் நீண்ட மணற்பரப்பு. அடுக்களைப் புகையன்றி வேறொன்றும் கண்டறியாத கண்களுக்கு அக்காட்சியே ஒரு மருந்தாய் இருந்திருக்கும்.

அக்கட்டடத்தின் அண்மையில் வைத்திக்குப்பத்தைப் போன்ற மீனவர் குப்பங்கள் இருந்தன. அம்மையார் அவர்களையும் மறக்கவில்லை. அக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அங்குள்ள பெண்களுக்குக் கைத்தொழிலும் நோயாளரைப் பேணும் முறையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். உழைக்கும் உரிமை இருந்தும் எழுத்தறியாத குப்பத்துப் பெண்ணும், எழுத்தறியும் குலத்திற் பிறந்தும் உழைக்கும் உரிமை இழந்த அக்கிரகாரத்துப் பெண்ணும், அக்கடற்கரையில் ஒருவரை ஒருவர் அடுத்து வாழ்ந்தனர். ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லை. இதனைக் கண்டவர் பலர் இருக்கலாம். கண்டு செயற்பட்டவர் சிலரே.

ஐஸ் ஹவுஸ் இல்லத்தின் நடைமுறையைப் பற்றி இரு வேறு கருத்துகள் உண்டு. அங்குப் பிராமணக் கைம்பெண்களே சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உணவு, பூசை, நோன்பு ஆகியவற்றில் பழைய ஒழுங்குகள் காக்கப்பட்டன. சாதி வேற்றுமையை வேரோடு களைய விரும்பியோர், இஃதென்ன சீர்திருத்தம் என்று குறை கூறினர். வைதிகரோ, படிப்பு என்னும் பெயரால் குலம் கெடுகிறது என்று மற்றொருபுறம் தூற்றினர். இருபுறத்து ஏச்சும் அம்மையார் தலைமீதே விழுந்தன.

அவர் நோக்கம் எளிதில் விளங்கக் கூடியதே. இல்லத்தில் உணவு ஒழுக்கம் மாறிற்று என்னும் செய்தி ஒரு முறை பரவினால், மறுநாளே பெற்றோர் வந்து தத்தம் மகளிரை அழைத்துச் சென்றுவிடுவர். அழைத்துச் செல்லப்பட்ட சிறுமி மீண்டும் அடுக்களைக்கே செல்வாள். கொள்கை வெல்லும்; குழந்தை தோற்பாள். ஆதலின் சமையலறையில் பழமையைக் காத்து, வகுப்பறையில் புதுமையைப் புகுத்தினார். ஆயினும், அவ்வில்லத்தின் வாயில் ஒரு குலத்தார்க்கே திறந்திருந்தது என்பது குறையே. அதனை மறைத்தல் வேண்டா. துயரத்திற்குக் குலம் இல்லை. அக்குறையை ஈடுசெய்யவே போலும், பின்னர் அவர் தோற்றுவித்த நிறுவனங்கள் விரிந்த வாயிலை உடையன ஆயின.

அவ்வாறு விரிந்தவற்றுள் முதன்மையானது சாரதா வித்தியாலயம். இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டில், சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் விடுதியோடு கூடிய உயர்நிலைப் பள்ளியாக அது தோன்றியது. அரசாங்க இல்லத்தில் இடம்பெற இயலாத பெண்களும் அங்கே கற்றனர். பிற்காலத்தில் இராமகிருஷ்ண இயக்கத்தார் அதன் பொறுப்பை ஏற்று நடத்தலாயினர்.

ஆசிரியரை உருவாக்கும் பணியும் வளர்ந்தது. 1922ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது, அதன் முதல் தலைமைப் பொறுப்பு அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சி பெறுவோர் அங்கேயே கற்பித்துப் பழக ஒரு மாதிரிப் பள்ளியும் அதனோடு இணைந்திருந்தது. ஐஸ் ஹவுஸ் இல்லத்திலிருந்து பயிற்சி பெற்று வெளியேறிய பெண்கள், தமிழகத்தின் பல ஊர்களிலும் பெண்பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தனர். சிலர், 1914ஆம் ஆண்டு தொடங்கிய இராணி மேரிக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றனர். மருத்துவம் பயின்றோரும் உண்டு. எந்த ஊர் எதிர்வரக் கூடாதென்று விலக்கிற்றோ, அதே ஊருக்கு அவர்கள் ஆசிரியராய்ச் சென்றனர். தம் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்து பள்ளியில் விட்ட தாயார், அக்கைம்பெண்ணின் முகத்தில் விழித்தே நாளைத் தொடங்க வேண்டியதாயிற்று!

குழந்தை மணம் நிகழும் வரையில் குழந்தைக் கைம்பெண்களும் தோன்றிக்கொண்டே இருப்பர். ஒழுகும் பானையில் எத்துணை நீர் வார்த்தும் பயன் என்ன? ஆதலின் அம்மையார் அவ்வழக்கத்தையே ஒழிக்க முயன்றார். 1917ஆம் ஆண்டு அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அன்னி பெசண்டு முதலியோர் உழைத்து வந்தனர். அரசாங்கப் பணியில் இருந்தமையால் அம்மையார் அதில் உறுப்பினராக இயலவில்லை. ஆயினும், பெயர் வெளியில் வராமல் உள்ளிருந்து உதவுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. மணவயதைப் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த ஜோஷிக் குழுவின் முன் அவர் சான்று கூறினார். அக்குழுவினர் நூல்களில் படித்தறிந்ததை அவர் வாழ்ந்தறிந்தவர். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929ஆம் ஆண்டு நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இம்முறையும் அண்டை வீட்டார் நாவு எளிதில் அடங்கவில்லை. சட்டம் வந்த பின்னும் பல ஊர்களில் மறைவாக மணங்கள் நிகழ்ந்தன. எனினும், மறைவாக நிகழவேண்டியதாயிற்று என்பதே ஒரு மாறுதல்.

அம்மையார் பிறந்த அதே 1886ஆம் ஆண்டிற் புதுக்கோட்டையிற் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அத்துயரத்தை மறவாது போற்றி, பல்லாண்டு முயன்று, 1954ஆம் ஆண்டு அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை இயங்கச் செய்தார். துணையற்ற பெண்களுக்கு ஒளவை இல்லம் கண்டவரும் அவரே. ஒரே ஆண்டிற் பிறந்த இவ்விருவரும் தம் இழப்பை ஆற்றிக்கொண்ட முறையில் ஒற்றுமை உடையவர்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர்ச் சுப்புலட்சுமி அம்மையாருக்கு ஓய்வு வாய்க்கவில்லை. அவர் அதனைத் தேடவும் இல்லை. 1942ஆம் ஆண்டு மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்கென ஸ்ரீவித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை நிறுவினார். உரிய பருவத்திற் கல்வியை இழந்து, முப்பதிலும் நாற்பதிலும் கரும்பலகை முன் அமர்ந்த பெண்களுக்கு அஃது ஒரு புகலிடம். பேரப்பிள்ளைகளின் வயதுடையார் படிக்கும் பாடத்தைத் தாம் படிக்க நாணுவோரை, நாணம் நீக்கி எழுதச் செய்வது எளிய செயலன்று. 1954ஆம் ஆண்டு தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல நிலையம் அமையத் துணை புரிந்தார். மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கியபோதும் அவர் கை அதில் இருந்தது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராய் இருந்தார்.

பட்டங்களும் அவரைத் தேடி வந்தன. ஆங்கில அரசாங்கம் 1920ஆம் ஆண்டு கெய்சரி ஹிந்து என்னும் பொற்பதக்கம் அளித்தது. விடுதலை பெற்ற இந்தியா 1958ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா பெல்ட்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அம்மையாரோடு பழகி, அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1966ஆம் ஆண்டு வெளியிட்டார். இவ்வளவிற்குப் பின்னும் அவரது உடை எளிய வெண்ணிற ஆடையே. அவருக்குப் பெயர் சகோதரி என்பதே.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, தம் 83ஆம் வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். பிள்ளை பெறாத அவரை அன்னையாகக் கருதி அழுதோர் ஊர்தோறும் இருந்தனர். அவர்களுள் பலர் தாமும் தலைநரைத்த ஆசிரியர்கள்.

ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு சென்னைக் கடற்கரையில் நிற்கிறது. 1997ஆம் ஆண்டு முதல் அது இராமகிருஷ்ண மடத்தார் பொறுப்பில் உள்ளது. அடிகளின் வாழ்வை விளக்கும் படங்களைக் காண நாள்தோறும் மாணவர் பலர் வருகின்றனர். அவர்கள் மாடியின் சாளரங்களருகே நின்று நோக்கினால், ஒரு காலத்தில் மொட்டைத் தலையை முந்தானையால் மூடிய சிறுமியர் நோக்கிய அதே கடலைக் காணலாம். அதன் அருகே லேடி வில்லிங்டன் கல்லூரி இருக்கிறது; சற்று அப்பால் குப்பங்கள் இருக்கின்றன; காலையில் அங்கிருந்து கூடைகள் சந்தைக்குப் புறப்படுகின்றன.